அளந்ததற்குக் கூலி உண்டா?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா மேடையில் இளங்கோவைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவதே நம் மரபு. எனக்கு முன் பேசிய புலவர் அவர்கள் அதனைச் செவ்வனே செய்து அமர்ந்தார்கள். அந்தத் தேன்மாரிக்குப் பின் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேச வருகின்ற என் நிலை சற்று இரங்கத் தக்கதே. ஆயினும் நம் செயலாளர் என்னை விடவில்லை. "பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றிருக்கின்றீர்கள். நம்மவர்கள் வீடு கட்டும்போது படும் தொல்லைகளுள் ஒன்றையேனும் எடுத்து விளக்குங்கள்" என்றார். தொல்லைகளோ பல. வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் ஓர் எச்சரிக்கையாகவே சொல்லி வைத்தார்கள். அவற்றுள் கட்டத் தொடங்கும் முன்பே தோன்றுகின்ற தொல்லை ஒன்றை மட்டும் இன்று எடுத்துக் கொள்கின்றேன்.

கட்டடக்காரரை அழைக்கின்றோம். அவர் மனையைப் பார்க்கின்றார். நாடா பிடித்து அளக்கின்றார். சில நாள் கழித்து, இன்ன வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று எழுதித் தருகின்றார். கொட்டேஷன் என்றும் எஸ்டிமேட் என்றும் நாம் வழங்குகின்ற அந்தத் தாளுக்கு விலை உண்டா? உண்டெனில், வேலை அவருக்குக் கிடைக்காமற் போனாலும் அதனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? கேள்வி சிறியதுதான். ஆனால் இந்தச் சிறு கேள்வியால் நம் சங்கத்துக் குடும்பங்கள் இரண்டு ஒரு பொங்கல் விழாவிற்கே வராமல் நின்றுவிட்டன என்பதை இங்குள்ளோர் சிலர் அறிவர்.

நம் ஊரில் வீடு கட்டுவது வேறு. இங்கே கட்டுவது வேறு. அங்கே கொத்தனார் பாட்டனார் காலம் முதல் பழகியவர். அவர் சொல்லும் கணக்கு வாய்க்கணக்கு. பிழையிருந்தால் திண்ணையில் உட்கார்ந்து தீர்த்துக் கொள்ளலாம். இங்கே நாம் பிழைப்பை நாடி வந்தவர்கள். படைவீட்டை ஒட்டிச் செகந்திராபாத்திற்கு வந்தோர் சிலர். 1966-இல் தென் மத்திய ரயில்வே அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபின் வந்தோர் பலர். இராமச்சந்திரபுரத்துப் பெல் தொழிற்சாலைக்கும், 1967-இல் தோன்றிய ஈ.சி.ஐ.எல். நிறுவனத்திற்கும் வந்தோர் உளர். இன்றைய இளைஞர்கள் கணினியைத் தொடர்ந்து வருகின்றார்கள். வந்த இடத்தில் சேமநிதிப் பணத்தைக் கொண்டு 150 கெஜமோ 200 கெஜமோ மனை வாங்கி வீடு கட்ட முனைகின்றோம். கட்டடக்காரரிடம் பேசுவது பாதி தெலுங்கு, பாதி உருது. கையெழுத்திடுவதோ ஆங்கிலத் தாளில். மனத்தாங்கல் ஏற்படும்போது மட்டும் அது தூய தமிழில் ஏற்படுகின்றது.

நான் குறிப்பிட்ட இரு குடும்பங்களின் செய்தியைக் கூறிவிடுகின்றேன். பெயர் சொல்ல மாட்டேன். அருகில் அமர்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து நீங்கள் ஊகிக்கவும் வேண்டா. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் 200 கெஜத்து மனையில் வீடு கட்ட எண்ணி, நான்கு கட்டடக்காரர்களை அழைத்தார். மூன்றாமவர் நம்மவர், சங்கத்து உறுப்பினர். அவர் மனையின் மேடு பள்ளத்தைக் கருவி வைத்து அளந்தார். இரண்டிடத்தில் குழி தோண்டிப் பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளதென்று பார்த்தார். அறை அமைப்பை மும்முறை மாற்றச் சொன்னபோதும் முகங்கோணாமல் வரைந்து கொடுத்தார். முடிவில் 14 பக்கத்தில் மதிப்பீடு எழுதித் தந்தார். அன்பர் அந்த 14 பக்கத்தையும் நான்காமவரிடம் காட்டி, "இதே வேலையை இன்னும் குறைத்துச் செய்வீரா?" என்று கேட்டு, அவரிடமே வேலையை ஒப்படைத்துவிட்டார். ஒரு திங்கள் கழித்து மூன்றாமவரிடமிருந்து 38,000 ரூபாய்க்கு ஒரு பில் வந்தது. "கொட்டேஷனுக்குக் காசா? உலகத்தில் எங்கேனும் உண்டா?" என்று அன்பர் கொதித்தார்.

மற்றொன்று கணவரை இழந்த ஓர் அம்மையாரைப் பற்றியது. வெளியூர்க் கட்டடக்காரர் ஒருவர், "எஸ்டிமேட் போடுவதற்கும் தேதி ஒதுக்குவதற்கும்" என்று சொல்லி அவரிடம் 50,000 ரூபாய் பெற்றுக் கொண்டார். கொடுத்ததோ ஒரே ஒரு தாள். சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று இரண்டு வரிகள். கீழே ஒரு முத்திரை. அம்மையார் மகனைக் கலந்து வேண்டாமென்று சொன்னபோது, பணம் திரும்பாது என்றார் அவர்.

முதல் நிகழ்ச்சியில் பணம் கேட்டவர்பால் நியாயம் இருந்தது. இரண்டாவதில் பணம் கொடுத்தவர்பால் நியாயம் இருந்தது. இரண்டிலும் தகராறு ஒன்றேபோல் தோன்றுகின்றது. இரண்டையும் 'கொட்டேஷன் காசு' என்றே நாம் பேசுகின்றோம். ஒரே பெயரால் வழங்குவதனால்தான் குழப்பம். விலை சொல்வது ஒன்று. வேலை செய்வது மற்றொன்று. இந்த வேறுபாட்டைப் பிடித்துக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கடைக்காரர் துணியின் விலையைச் சொல்வதற்குக் காசு கேட்பதில்லை. தம் பொருளை விற்பதற்காக அவர் படுகின்ற பாடு அது. கட்டடக்காரர் மனையை ஒருமுறை நடந்து பார்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வதும் அத்தகையதே. ஆனால் மதிப்பீடு என்பது அதனின் வேறு. மண் தோண்டுவது எத்தனை கன மீட்டர், கற்காரை எவ்வளவு, கம்பி எத்தனை கிலோ, சுவர் எவ்வளவு, பூச்சு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் வரைபடத்திலிருந்து கணக்கிட்டு எடுக்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும்; படித்த ஆள் வேண்டும். அளப்பது கற்றோர் தொழில் என்பதைத் தமிழர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சிற்ப நூல் அறிந்தோர் ஞாயிற்றின் நிழல் கொண்டு திசையைக் குறித்து, நூல் பிடித்து, அரசனுக்கேற்ற மனையை வகுத்த செய்தியை நெடுநல்வாடை விரித்துரைக்கின்றது. செங்கல் ஒன்றும் வைக்கப்படாத நிலையிலேயே அவர்கள் தொழில் தொடங்கிவிட்டது.

ஐதராபாத்திலே இந்த அளவை வேலைக்குத் தனி இன்றியமையாமை உண்டு. நாம் நிற்கின்ற இந்நிலம் கருங்கல் நிலம். பஞ்சாரா மலையிலும் மௌலா அலியிலும் வெளியே தெரிகின்ற பாறைதான் நம் மனையின் அடியிலும் இருக்கின்றது. ஒரு மூலையில் நான்கு அடி மண். மறு மூலையில் கடப்பாரை இறங்காது. சதுர அடிக் கணக்கில் விலை சொல்பவர் இதனைப் பார்ப்பதில்லை. "பாறை உடைப்புத் தனி" என்று அடியில் ஒரு வரி சேர்த்துக் கொள்வார். அந்த ஒரு வரி பின்னர் எவ்வளவாகும் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சதுர அடி என்ற சொல்லே ஏமாற்றக் கூடியது. மாடி முகப்பைச் சேர்த்தா, படிக்கட்டின் தலையறையைச் சேர்த்தா, தரைக்கு அடியிலுள்ள சம்பைச் சேர்த்தா என்று கேட்டுப் பாருங்கள். நால்வர் நால்வகை விடை சொல்வர். ஆதலின் அம்மையாருக்குக் கிடைத்த இரு வரித் தாள் வெறும் விலைக்கூற்று; ரயில்வே அன்பருக்குக் கிடைத்த 14 பக்கம் உழைப்பு.

ஆயினும் நம் மக்கள் 14 பக்கத்தைக் கண்டால் அஞ்சுகின்றனர். ஒரு தாளைக் கண்டால் மகிழ்கின்றனர். இது இன்று தோன்றிய பழக்கமன்று. இந்நகரத்திலேயே ஒரு கதை உண்டு. ஜான் மால்கம் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்த செய்தி. இன்று மகளிர் பல்கலைக்கழகமாக விளங்குகின்ற கோட்டி வளாகம் அக்காலத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியின் மாளிகை. அதற்கு நிலம் வேண்டி, கிர்க்பாட்ரிக் என்னும் பிரதிநிதி அந்நிலத்தை நன்றாக அளந்து, பெரிய தாளில் வரைந்து நிசாமிடம் காட்டினாராம். நிசாம் தர இயலாதென்று மறுத்துவிட்டார். பிறகு அமைச்சர் காரணத்தை விளக்கினார். நிசாம் தம் நாட்டின் படத்தையே அவ்வளவு பெரிய தாளில் கண்டதில்லையாம்! கிர்க்பாட்ரிக் அதே நிலத்தை ஒரு சிறிய அட்டையில் சுருக்கி வரைந்து சென்றார். நிலம் உடனே கிடைத்தது. நிலம் ஒன்றுதான், தாள்தான் மாறிற்று. நம் கட்டடக்காரர்களுள் சிலர் இந்தக் கதையைப் படிக்காமலே அதன் பாடத்தைக் கற்றுக் கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நான் வழக்கறிஞனல்லேன், ஒப்பந்தங்களோடு வாழ்நாளைக் கழித்த பொறியாளன். அறிந்த அளவில் கூறுகின்றேன்.

இதே கேள்வி இங்கிலாந்தில் 1957-இல் நீதிமன்றத்திற்கு வந்தது. போரில் சேதமடைந்த ஒரு கட்டடத்தை மீண்டும் கட்ட அதன் உரிமையாளர் விலைப்புள்ளி கேட்டார். வில்லியம் லேசி என்னும் கட்டட நிறுவனம் எல்லோரிலும் குறைந்த விலை எழுதியது. வேலை உமக்கே என்று நம்பும்படி உரிமையாளர் நடந்து கொண்டார். அந்த நம்பிக்கையில் நிறுவனம் மரக்கணக்கும் இரும்புக் கணக்கும் எடுத்துக் கொடுத்தது. போர்ச்சேத இழப்பீடு கேட்பதற்கான மதிப்பீடுகளையும் எழுதிக் கொடுத்தது. உரிமையாளர் அவற்றைக் காட்டி இழப்பீட்டைக் கூட்டிப் பெற வழி செய்துகொண்டு, கட்டடத்தைக் கட்டாமலே விற்றுவிட்டார்! ஒப்பந்தம் ஏதும் இல்லை. எனினும் நிறுவனத்திற்கு நியாயமான ஊதியம் தரவேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். போட்டியில் கலந்துகொள்ள முதலில் எழுதிய விலைப்புள்ளிக்குக் காசில்லை. அதன்பின் கேட்டு வாங்கிய கூடுதல் வேலைக்குக் காசு உண்டு. கோடு விழுந்த இடத்தைக் கவனியுங்கள்.

இதற்கு மறுபுறமும் உண்டு. இலண்டனில் ரீகேலியன் என்ற நிறுவனம் ஆற்றுத்துறைப் பகுதியில் வீடுகள் கட்டும் திட்டத்திற்காக வரைபடங்களுக்கும் ஆய்வுகளுக்கும் ஏறத்தாழ 30 இலட்சம் பவுன் செலவிட்டது. ஒப்பந்தம் கைகூடவில்லை. ஒப்பந்தம் எழுதப்படும் வரையில் எவரும் விலகலாம் என்று இரு தரப்பாரும் முன்பே தெளிவாக வைத்திருந்தனர். ஆதலின் செலவைத் திரும்பப் பெற முடியாது என்று தீர்ப்பாயிற்று. 30 இலட்சம் பவுன் இழந்தவர்க்கே அதுதான் முடிவென்றால், முன்பே பேசிக் கொள்வதன் வலிமையை உணரலாம்.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இருக்கின்றது. அதன் 70-ஆம் பிரிவு சிறியது, ஆனால் ஆழமானது. ஒருவர் மற்றொருவர்க்காகச் சட்டத்திற்கு உட்பட்டு ஒரு செயலைச் செய்து, அதனை இலவசமாகச் செய்யும் எண்ணம் அவர்க்கு இல்லாதிருந்து, மற்றவர் அதன் பயனை நுகர்ந்தாரானால், நுகர்ந்தவர் ஈடு செய்தாக வேண்டும். 1944-இல் வங்காளத்து உணவு வழங்கல் துறைக்காக மண்டல் என்ற ஒப்பந்தக்காரர் கிடங்குகளும் பாதையும் காவலர் அறையும் கட்டிக் கொடுத்தார். முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்று காட்டி அரசு பணம் தர மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1961-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நமக்கு வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேண்டாமென்று மறுக்கும் உரிமை எப்போதும் நமக்கு உண்டு; நாமே விரும்பி ஏற்றுப் பயன் கொண்டால்தான் பொறுப்பு நம்மேல் ஏறும். அவ்வழக்கு விலைப்புள்ளி பற்றியதன்று. ஆயினும் 14 பக்கத்தைப் படித்துப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தால் ஒரு நிலை. அதனைக் கைக்கொண்டு மற்றொருவரிடம் பேரம் பேசிக் கட்டியது வேறொரு நிலை என்று நான் கருதுகின்றேன். அதிலிருந்த வரைபடம் வேறு, வரைந்தவர்க்கே உரியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கலைப்படைப்பு என்பதில் வரைபடத்தையும் சேர்த்தே வைத்திருக்கின்றது. இதனை நம்மில் எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

அம்மையாரின் 50,000 ரூபாய்க்கு வருவோம். அவர் கொடுத்தது முன்பணம். வேலை நடக்கவில்லையென்றால் முழுவதையும் விழுங்கிக் கொள்ளலாம் என்பது சட்டமன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, தாளில் எவ்வளவு தொகை அச்சிட்டிருந்தாலும் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும். தில்லியில் கைலாஷ்நாத் நிறுவனம் ஏலத்தில் மனை எடுத்து 78 இலட்சம் ரூபாய் முன்பணம் கட்டியது; தில்லி வளர்ச்சி ஆணையம் அதனைப் பறிமுதல் செய்து, மனையையும் பன்மடங்கு விலைக்கு விற்றது. இழப்பே ஏற்படாத போது முன்பணத்தை எடுத்துக்கொள்ள முடியாதென்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறித் திருப்பித் தரச் செய்தது. அரசு அமைப்புக்கே அந்த முடிவு. இரு வரி எழுதியவருக்கு 50,000 ரூபாய் இழப்பு எங்கிருந்து வந்தது?

இத்தகைய முறையீட்டை நுகர்வோர் ஆணையத்திலும் செய்யலாம். வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின்படி சேவையே என்பது 1993-இலேயே உறுதியாகிவிட்டது. நம் நகரத்து மனைப்பிரிவு நிறுவனம் ஒன்றின் வழக்கில், மனையைப் பண்படுத்திச் சாலையும் வடிகாலும் அமைத்துத் தருவதும் சேவையே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கொடுத்த தொகை 5 இலட்சத்திற்கு உட்பட்டதானால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டாண்டுக்குள் செல்ல வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். 1915 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் முதற்கட்டச் சமரசத்திற்கு வழி செய்வார்கள்.

அடுக்குமாடியில் வீடு வாங்குவோர்க்கு வேறொரு காவல் உண்டு. 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்து பதிவு செய்யும் முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், முன்பணம் என்றோ விண்ணப்பக் கட்டணம் என்றோ எப்பெயராலும் பெறலாகாது. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டுவோர்க்கு அச்சட்டம் துணை வராது. நம்மில் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாயிலில் சென்று நிற்கின்றனர்.

சட்டம் போதும். நீதிமன்றம் செல்வதற்காக யாரும் வீடு கட்டுவதில்லை. நான் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய ஒன்று.

அரசாங்கம் கட்டடம் கட்டும்போது விலைப்புள்ளிக்குக் காசு கொடுக்கின்றதா? இல்லை. எழுத வருபவரிடமே வைப்புத் தொகை வாங்குகின்றது. ஒப்பந்தக்காரர்கள் முணுமுணுக்காமல் கட்டுகின்றார்கள். ஏன் தெரியுமா? அளவை வேலையை அரசுப் பொறியாளர் முன்பே முடித்துவிடுகின்றார். மண் இவ்வளவு, கற்காரை இவ்வளவு, கம்பி இவ்வளவு என்ற அளவைப் பட்டியல் அச்சாகி வருகின்றது. ஒப்பந்தக்காரர் எதிரே விலையை மட்டும் எழுத வேண்டும். பலர் எழுதினாலும் பட்டியல் ஒன்றே. யாருடைய விலை குறைவு என்பது பார்த்த அளவில் தெரியும். நாமோ நான்கு பேரை அழைத்து, நால்வரையும் தனித்தனியே அளக்கச் சொல்லி, நால்வகைத் தாள்களைப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் விழிக்கின்றோம். நான்கு பேர் உழைப்பில் மூன்று பேர் உழைப்பு வீண். அந்த வீணுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கத்தான் செய்கின்றார். ஒரு கட்டடக்காரர் பத்துப் பேருக்கு எழுதித் தந்து இரண்டு பேரிடம் வேலை பெறுகின்றார் என்று வைத்துக் கொள்வோம். எட்டுப் பேருக்கு அளந்த கூலி அந்த இரண்டு வீட்டின் கணக்கில் ஏறாமல் வேறு எங்கே போகும்? இலவச மதிப்பீடு என்று எழுதியிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வீட்டுக்காரர்களின் நினைவே வருகின்றது.

ஆதலின், கட்டடக்காரரைத் தேடும் முன் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரைத் தேடுங்கள். அவருக்கு ஊதியம் பேசிக் கொடுத்து, வரைபடமும் அளவைப் பட்டியலும் எழுதி வாங்குங்கள். வீட்டுச் செலவை நோக்க அது சிறு தொகை. அந்தப் பட்டியல் உங்கள் சொத்து. எழுத்தால் அவ்வாறு வாங்கிக் கொண்டால் யாருக்கும் காட்டலாம். இந்தியத் தர முறை 1200-இன்படி அளக்கப்படும் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். இல்லையேல் சுவர்ப் பூச்சை அளக்கும்போது சன்னல் திறப்பைக் கழிப்பதா வேண்டாவா என்று சண்டை வரும். 0.5 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும் என்று அந்த முறை முன்பே தீர்த்து வைத்திருக்கின்றது. பாறைக்குத் தனி வரி, தனி விலை. பட்டியலில் விலை மட்டும் எழுதித் தருகின்றவர் காசு கேட்க மாட்டார். கேட்டாலும் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

சிறிய வேலைகளுக்குப் பொறியாளர் எதற்கு என்பீர்கள். கூரை ஒழுக்கு, குளியலறை மாற்றம், மாடியில் ஓர் அறை ஆகியவற்றுக்கு நேரே கட்டடக்காரரைத்தான் அழைப்போம். அங்கே முதல் நாளே ஒரு வினா: "பார்த்து எழுதித் தருவதற்குக் கட்டணம் உண்டா?" உண்டென்று அவர் சொன்னால் அதில் இழிவு ஒன்றும் இல்லை. எவ்வளவு, எதற்கு, வேலையை அவரிடமே கொடுத்தால் கழித்துக் கொள்வாரா என்று கேட்டு, அதனையே கைப்பேசியில் இரு வரியாக அனுப்பி, சரி என்ற விடையைப் பெற்றுக் கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு எழுத்தில் உருவாகும் ஒப்பந்தத்தையும் ஏற்றுக் கொள்கின்றது. மொழி எதுவாயினும் ஆகுக. தெலுங்கில் பேசினால் தெலுங்கிலேயே எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்வான். புரியாத ஆங்கிலத்தைவிட அது மேல்.

மாநகராட்சிக்குக் கட்டும் கட்டணத்தையும் மதிப்பீட்டுக் கூலியையும் ஒரே தொகையாகச் சொல்வார்கள். அதனையும் பிரித்துக் கேளுங்கள். 2020-இல் தெலங்கானா இயற்றிய கட்டட அனுமதிச் சட்டம், 75 கெஜம் வரையுள்ள சிறு மனையில் எளிய வீட்டுக்கு ஒரு ரூபாய்க் கட்டணத்தில் பதிவு போதும் என்று வகுத்தது. அந்த ஒரு ரூபாயை ஆயிரங்களாக்கிக் கூறியவர்களையும் நான் கேட்டிருக்கின்றேன்.

கட்டடத் தொழில் செய்யும் அன்பர்களும் இந்த அவையில் இருக்கின்றீர்கள். உங்களுக்கும் ஒன்று சொல்வேன். அளந்ததற்குக் கூலி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அளந்து முடித்தபின் கேட்பது உங்கள் குறை. "நம்ம ஊர்க்காரர், எப்படி வாய் திறந்து கேட்பது?" என்று முதலில் கூசி நிற்கின்றீர்கள். வேலை கைநழுவியதும் அந்தக் கூச்சம் சினமாகி, பில்லாகி வருகின்றது. வந்த பில்லில் வேலைக்கான கணக்கைவிட மனவருத்தத்திற்கான கணக்கே மிகுதி.

அந்த இரு செய்திகளும் எவ்வாறு முடிந்தன என்று கேட்பீர்கள். அம்மையார் வழக்கறிஞர் மூலம் ஓர் அறிவிப்பு அனுப்பினார். கட்டடக்காரர் 42,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். எஞ்சிய 8,000 ரூபாயை அம்மையார் தொடரவில்லை. ரயில்வே அன்பரும் நம் கட்டடக்காரரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் மக்கள் நீதிமன்றத்திற்குச் சென்றனர். அங்கே வழக்குத் தொடுக்கும் முன்பே பேசி முடிக்கலாம், கட்டணம் இல்லை, முடிந்தபின் அது நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பாகும், மேல்முறையீடும் கிடையாது. நீங்கள் அவர் தாளைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டார்கள்; ஆம் என்றார் அன்பர். முன்பே கட்டணம் சொன்னீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார் கட்டடக்காரர். 38,000 என்பது 20,000 ஆயிற்று. வெளியே வந்து இருவரும் ஓர் ஈரானித் தேநீர்க் கடைக்குச் சென்றதாகக் கேள்வி. அந்தத் தேநீருக்குக் காசு யார் கொடுத்தார் என்பதில் மட்டும் இருவர் கூற்றும் இன்றுவரை ஒத்துவரவில்லை.

இறுதியாக நம் சங்கத்திற்கே ஒரு வேண்டுகோள். சொந்தக் கட்டடம் எழுப்பக் குழு அமைத்திருக்கின்றீர்கள். விலைப்புள்ளி கேட்டு மடல் எழுதப் போவதாகச் செயலாளர் கூறினார். மடல் செல்லப் போவது பெரும்பாலும் நம் உறுப்பினர்களுக்கே. அதற்கு முன் அளவைப் பட்டியலைச் சங்கத்தின் செலவில் எழுதி வாங்கிவிடுங்கள். மடலின் முதல் வரியாக, "இதற்குக் கட்டணம் இல்லை, பட்டியலில் விலை மட்டும் குறித்தனுப்புக" என்று அச்சிடுங்கள். பட்டியலைச் சரிபார்க்கும் பணியை நான் ஏற்றுக் கொள்கின்றேன். அதற்கு ஊதியம் வேண்டா என்பதை இப்போதே, இத்தனை பேர் முன்னிலையில், சொல்லிவிடுகின்றேன்.